அடர் சாம்பலிலிருந்து வெள்ளைக்கு: ஒரே காரில் இரண்டு நிறங்களை ஓட்டிப் பார்த்த அனுபவம்

2018ஆம் ஆண்டு நான் வாங்கிய சிறிய காரின் நிறத்துக்கு விலைப்பட்டியலில் கவர்ச்சியான பெயர் ஒன்று இருந்தது. பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால், அது மழை பெய்து காய்ந்த தார்ச்சாலையின் நிறம். அந்த அடர் சாம்பல் நிறத்தோடு ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர் ஓட்டினேன். பிறகு அதே காரை ஓசூரில் ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டு முழுவதும் வெள்ளை அடித்து, ஓராண்டுக்கும் மேலாக ஓட்டிவருகிறேன். எஞ்சினும் அதுவே, ஓட்டுபவனும் அதே ஆள்தான். புதிதாகக் கார் வாங்கப்போகிறவர்களுக்கும், இருண்ட நிறக் காரை வைத்துக்கொண்டு மாற்றலாமா என்று யோசிப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று இரண்டு நிறங்களைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

சாம்பல் நிறத்தை நான் தேர்ந்தெடுத்த காரணங்கள் பெரும்பாலானவர்களின் காரணங்கள்தாம். ஓசூர்ப் பக்கத்துச் செம்மண் புழுதி அதில் தெரியாது என்றார் விற்பனைப் பிரதிநிதி. வெள்ளை வாங்கினால் வாடகை வண்டி போல இருக்கும் என்றார் என் அண்ணன். கறுப்பு சனி பகவானுக்கு உரியது, வீட்டுக்கு வேண்டாம் என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மஞ்சள் நிறம் அந்த மாடலில் இல்லை, இருந்திருந்தாலும் எங்கள் வீட்டில் யாரும் சம்மதித்திருக்க மாட்டார்கள். இப்படிப் புழுதி, மரியாதை, ராசி, மறுவிற்பனை என்று எல்லாவற்றையும் பேசினோம். எதிரே வருகிறவன் கண்ணுக்கு இந்த வண்டி எவ்வளவு தொலைவிலிருந்து தெரியும் என்ற கேள்வியை மட்டும் அன்று அந்தக் கடையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அழகைப் பொறுத்தவரை அந்த நிறத்தின் மீது எனக்கு இன்றும் குறை இல்லை. மெட்டாலிக் வகை என்பதால் காலை வெயிலில் கதவின் வளைவுகள் தனித்தனியே தெரியும். இரண்டு வாரம் கழுவாவிட்டாலும் வண்டி சுத்தமாகவே தோன்றும். பக்கத்து வண்டியின் கதவு இடித்த சிறு கீறல்கள் அருகே போய்க் குனிந்து பார்த்தால்தான் புலப்படும். வாகன நிறுத்தத்தில் நிற்கும் காராக மட்டும் அதை மதிப்பிட்டால் ஐந்துக்கு நான்கரை தருவேன்.

ஓடும் காராக மதிப்பிட நேர்ந்தது 2023ஆம் ஆண்டு பொங்கல் முடிந்த வாரத்தில். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சூளகிரியைத் தாண்டிய சிறிது தொலைவில் நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பில், ஊர்க்காரர்கள் குறுக்கே கடக்கும் இடைவெளி ஒன்று உண்டு. மாலை ஆறே கால் இருக்கும். சூரியன் இறங்கிவிட்டது, வானத்தில் மட்டும் வெளிச்சம் மிச்சமிருந்தது. இன்னும்தான் வெளிச்சம் இருக்கிறதே என்று முகப்பு விளக்கைப் போடாமல் வந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் ஒரு பெரியவர் அந்த இடைவெளியில் நின்று, நான் வரும் திசையைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டார் என்றே நம்பினேன். அவரோ வண்டியை மெல்ல முன்னே உருட்டினார். நான் பிரேக்கில் ஏறி நின்றதில், கார் அவருடைய கேனுக்கு ஒரு முழத் தொலைவில் போய் நின்றது. அவர் தடுமாறிக் காலை ஊன்றியபோது ஒரு கேனின் மூடி கழன்று, பால் தார் மீது ஒரு கோடாக ஓடியது.

இறங்கி ஓடினேன். அவருக்கு அடி எதுவும் இல்லை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூடியைத் தேடி எடுத்து அழுத்திக்கொண்டே, "வண்டி வர்றதே தெரியல சார், ரோடு கலர்லயே இருந்துச்சு" என்றார். பால் கணக்கைத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு காரை ஓரமாக நிறுத்திவிட்டு, அவர் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் நின்று, அவர் பார்த்த திசையைப் பார்த்தேன். என் மதிப்பீடு முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில் உருவானது. வெள்ளைக் கார்கள் தொலைவிலேயே புள்ளியாகத் தோன்றி, சீராகப் பெரிதாகிக்கொண்டு வந்தன. விளக்கைப் போட்டிருந்த எந்த வண்டியும், நிறம் எதுவானாலும், தெளிவாகத் தெரிந்தது. விளக்குப் போடாத அடர் சாம்பல் கார் ஒன்று வந்தது. அது தொலைவில் இருந்த நேரம் முழுவதும் அங்கே வெறும் சாலை இருப்பதாகவே என் கண் எனக்குச் சொன்னது. அருகே வந்ததும் திடீரென்று முளைத்தது போல இருந்தது. கடந்து போன பிறகுதான், பெரியவர் என்னை எப்படிப் பார்த்திருப்பார் என்பது முழுதாக விளங்கியது.

இதன் அறிவியல் கடினமானதன்று. ஒரு பொருள் நம் கண்ணில் படுவதற்கு அதன் நிறத்தைவிட, அதன் வெளிச்சத்துக்கும் பின்னணியின் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடே முதல் காரணம். தார்ச்சாலையும் சாம்பல் காரும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால், காரின் விளிம்பு சாலைக்குள் கரைந்துவிடுகிறது. அந்தி நேரத்தில் இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. பகலில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், மிகுந்த கூர்மையோடு இருக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணில் அந்தக் கூர்மை 507 நானோமீட்டர் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அதனால் பகலில் பளீரென்று தெரிந்த சிவப்பு, இருட்டத் தொடங்கியதும் கறுப்புக்கு அருகே போய்விடுகிறது. செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்துச் சொன்ன உண்மை இது. சிவப்புக் கார் எல்லோர் கண்ணிலும் படும் என்று நம்புகிறவர்கள் அதை மாலை ஆறரை மணிக்கு ஒருமுறை தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று தேடியபோது மூன்று எனக்கு முக்கியமாகப் பட்டன. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக விபத்து ஆய்வு மையம் 2007இல் வெளியிட்ட அறிக்கை, விக்டோரியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் நடந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விபத்துகளின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, வெள்ளையோடு மற்ற நிறங்களை ஒப்பிட்டது. பகல் வெளிச்சத்தில் கறுப்புக் கார்களின் விபத்து ஆபத்து 12 விழுக்காடும், சாம்பலுக்கு 11 விழுக்காடும், வெள்ளிக்கு 10 விழுக்காடும், நீலத்துக்கும் சிவப்புக்கும் 7 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. விடியலிலும் அந்தியிலும் கறுப்பின் ஆபத்து 47 விழுக்காடு வரை உயர்ந்தது. இதற்கு மாறாக, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடத்தப்பட்டு 2003இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு, வெள்ளைக் கார்களைவிட வெள்ளி நிறக் கார்கள் காயம் விளைவிக்கும் விபத்துகளில் ஏறக்குறைய பாதி அளவே சிக்கியதாகச் சொன்னது. ஆக்லாந்து ஆய்வில் விபத்துக்குள்ளானவையாக எடுத்துக்கொள்ளப்பட்ட கார்கள் சில நூறே என்பதால் மோனாஷ் முடிவுக்கே நான் அதிக எடை தருகிறேன். ஆனாலும் வெள்ளியைப் பற்றி இரண்டும் முரண்படுகின்றன என்பதை மறைக்கக் கூடாது. கறுப்பு நல்லதன்று என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

மூன்றாவது ஆய்வு சிங்கப்பூரில் நடந்தது. என்னை முழுமையாக நம்பவைத்தது அதுதான். அங்கே ஒரே டாக்ஸி நிறுவனத்திடம், இரண்டு நிறுவனங்கள் இணைந்ததன் விளைவாக, மஞ்சள் டாக்ஸிகள் 4,175உம் நீல டாக்ஸிகள் 12,525உம் இருந்தன. 36 மாதப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மாதந்தோறும் ஆயிரம் டாக்ஸிக்கு நீலத்தில் 71.7 விபத்துகளும் மஞ்சளில் 65.6 விபத்துகளும் நடந்ததாக 2017இல் வெளியிட்டார்கள். இது ஒன்பது விழுக்காடு குறைவு. நிதானமான ஆட்கள் மஞ்சளை எடுத்திருக்கலாமே என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. அதையும் அவர்கள் சோதித்திருக்கிறார்கள். இரு நிற வண்டிகளையும் ஓட்டியவர்களின் வேகம், ஓடிய தூரம் முதலியவற்றை ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மேலும், டாக்ஸி மற்ற ஓட்டுநரின் பார்வைக்கு நேரே இருந்த விபத்துகளில்தான் இந்த வேறுபாடு கூடுதலாகத் தென்பட்டது. ஆக, மஞ்சள் வண்டியை ஓட்டியவர் நல்லவராக மாறிவிடவில்லை. எதிரே இருந்தவருக்கு அந்த வண்டி முன்கூட்டியே தெரிந்தது, அவ்வளவுதான். நம் ஊர்ப் பள்ளிப் பேருந்துகளுக்கு மஞ்சள் அடிப்பதன் நியாயமும் இதுவே.

காரின் நிறத்தை வைத்து ஓட்டுநரின் குணத்தைச் சொல்லும் பேச்சுக்கு இந்த ஆய்வு தக்க பதில் என்று கருதுகிறேன். சிவப்பு வாங்குகிறவன் வேகக்காரன், கறுப்பு வாங்குகிறவன் அதிகாரம் காட்டுகிறவன், வெள்ளை வாங்குகிறவன் அடக்கமானவன் என்று நம்மிடையே ஒரு கணிப்பு நெடுங்காலமாக உண்டு. அரசாங்க வெள்ளை அம்பாசடரைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு வெள்ளையும் அதிகாரத்தின் நிறம்தான். அதே வெள்ளை இன்று வாடகை வண்டியின் அடையாளமாக நினைக்கப்படுகிறது. ஒரே நிறத்துக்கு இத்தனை குணங்கள் ஏற்றப்படும்போது, அது நிறத்தைப் பற்றிச் சொல்வதைவிடப் பார்ப்பவரைப் பற்றியே அதிகம் சொல்கிறது. சிவப்புக் காருக்குக் காப்பீட்டுக் கட்டணம் அதிகம் என்றுகூட ஒரு நண்பர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். அது தவறு. நம் நாட்டில் காப்பீட்டுக் கட்டணம் வண்டியின் மதிப்பு, வயது, எஞ்சின் அளவு, பதிவான ஊர் முதலியவற்றைப் பொறுத்தது, நிறத்துக்கு அதில் இடமில்லை. நான் சாம்பல் ஓட்டியபோது எப்படி ஓட்டினேனோ அப்படியேதான் இப்போது வெள்ளையையும் ஓட்டுகிறேன். என் குணத்தில் எந்த மாற்றமும் வரவில்லை, என்னைப் பார்க்கிறவர்களின் கண்ணுக்குக் கிடைக்கும் நேரம்தான் கூடியிருக்கிறது.

இனி நிறம் மாற்றிய பட்டறையைப் பற்றி. 58,000 ரூபாய் பேசி, ஏழு நாளில் தருவதாகச் சொல்லிப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். தாமதத்தைத் தவிர வேலையில் பெரிய குறை இல்லை. பழைய மேற்பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நெளிவுகளுக்குப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, அதன் மேல் வெள்ளையும் கிளியர் கோட்டும் ஏற்றி, சூடேற்றும் அறையில் உலர்த்தினார்கள். முத்து மினுக்கு உள்ள வெள்ளை அடிக்கலாமே, ஏழாயிரம்தான் கூடும் என்றார் பெயிண்டர். மினுக்கு எதுவும் இல்லாத சாதாரண வெள்ளையே போதும் என்று சொன்னேன். இருண்ட மெட்டாலிக் பூச்சில் கலந்துள்ள அலுமினியத் துகள்கள் வெளிச்சம் நேராகப் படும் கோணத்தில் மின்னி, கோணம் மாறினால் இருண்டுவிடுவதை ஆறு ஆண்டுகள் பார்த்தவன் நான். எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரியும் நிறம் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

குறை என்று சொன்னால், கதவைத் திறந்ததும் தெரியும் உட்புற விளிம்புகளிலும் பானெட்டின் அடியிலும் பழைய சாம்பல் அப்படியே இருக்கிறது. முழுவதும் பிரித்து அடிக்கக் கூடுதலாக இருபதாயிரம் கேட்டார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். பின்பக்க இடது கதவின் ரப்பர் ஓரத்தில் மாஸ்க்கிங் டேப் சரியாக ஒட்டாமல் ஒரு விரல்நீளத்துக்கு வெள்ளை படிந்துவிட்டது. சொன்னதும் துடைத்துக் கொடுத்தார்கள், ஆனால் உற்றுப் பார்த்தால் இன்றும் தெரிகிறது. பட்டறைக்கு ஐந்துக்கு மூன்றரை.

பட்டறையில் யாரும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். நிறம் என்பது ஆர்.சி.யில் பதிவாகும் விவரங்களில் ஒன்று. அதை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்துத் திருத்திக்கொள்ள வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டிச் சோதனையிலும் இழப்பீடு கோரும்போதும் சிக்கல் வரும். ராணுவப் பச்சை மட்டும் நமக்கு அனுமதி இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு ஒதுக்கியிருக்கின்றன.

வெள்ளை அடித்த பின் ஓராண்டில் நான் கண்டது இது. நடுத்தடுப்பு இடைவெளிகளிலும் கிராமத்துச் சந்திப்புகளிலும் என் வண்டிக்கு முன்னே திடீரென்று புகும் வண்டிகள் கண்கூடாகக் குறைந்திருக்கின்றன. முன்பு வாரத்துக்கு ஒருமுறையாவது பிரேக்கை அழுத்தி மிதிக்க நேரும், இப்போது அப்படி நேர்வது மாதத்துக்கு ஒருமுறை இருந்தால் அதிகம். ஆனால் சூளகிரி நிகழ்ச்சிக்குப் பிறகு மாலை ஐந்தரை ஆனதுமே முகப்பு விளக்கைப் போடும் பழக்கமும் எனக்கு வந்துவிட்டது. ஆகவே இந்தப் பலன் முழுவதையும் வெள்ளையின் கணக்கில் எழுதினால் அது நேர்மையாகாது. என் கணிப்பில் விளக்குக்கே பெரிய பங்கு. இருசக்கர வாகனங்களில் எந்நேரமும் எரியும் முகப்பு விளக்கு 2017 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் கட்டாயமானதும், ஐரோப்பாவில் 2011இலிருந்து புதிய கார் மாடல்களுக்குப் பகல் விளக்கு கட்டாயமானதும் இதே காரணத்துக்காகத்தான்.

வெள்ளைக்கும் ஒரு தோல்வி உண்டு, அதை நான் மார்கழியில் பார்த்தேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் விடியற்காலைப் பனிமூட்டம் இறங்கினால், சாலையில் சாம்பலுக்கு நேர்ந்த கதி வெள்ளைக்கு நேர்கிறது. பின்னணியே வெள்ளையாகிவிடுவதால் வெள்ளைக் காரும் அதற்குள் கரைந்துவிடுகிறது. வீட்டு வாசலில் நின்று, என் தம்பி என் காரை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போவதைப் பார்த்தேன். வண்டி மறைந்த பிறகும் பின்விளக்கு இரண்டும் சிறிது நேரம் சிவப்பாகத் தெரிந்தன. பனியில் வண்டியைக் காட்டிக்கொடுப்பது விளக்குத்தான், நிறம் அங்கே கைகொடுப்பதில்லை. முன்னால் தாழ் ஒளியும் பின்னால் பின்விளக்கும் எரியாமல் பனியில் போகவே கூடாது.

மற்றவை சிறியவை. புழுதி தெரிகிறது, நான்கு நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கிறது. வெயிலில் நின்ற காருக்குள் ஏறும்போது முன்பிருந்த தகிப்பு குறைந்திருக்கிறது. இது வெறும் மனப்பிரமை அன்று. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011இல் ஒரே மாடலின் கறுப்புக் காரையும் வெள்ளி நிறக் காரையும் வெயிலில் நிறுத்திச் சோதித்தபோது, கூரையின் வெப்பத்தில் 25 டிகிரி செல்சியஸ் வரையும், உள்ளே காற்றின் வெப்பத்தில் ஐந்தாறு டிகிரியும் வேறுபாடு இருந்தது. சித்திரை வெயிலில் குழந்தையோடு ஏறுகிறவர்களுக்கு இது சிறிய பலன் அன்று.

இத்தனைக்கும் பிறகு, 58,000 செலவழித்து நிறம் மாற்றச் சொல்வேனா என்று கேட்டால், மாட்டேன். ஏற்கெனவே சாம்பலோ கறுப்போ அடர் நீலமோ வைத்திருப்பவர்கள், அந்தியிலும் மழையிலும் தவறாமல் முகப்பு விளக்கைப் போடுவதும், மங்கிப்போன விளக்குக் கண்ணாடியைப் பாலிஷ் போட்டுத் தெளிவாக்குவதும், பின் பம்பரில் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டுவதும் சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும், பலனில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். என் காருக்கு எப்படியும் பெயிண்ட் உரிந்து, பாதி வண்டிக்கு மேல் வேலை இருந்தது. அதனால்தான் முழுவதையும் மாற்றினேன்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை வேறு. வெள்ளை வாங்குவதற்கும் சாம்பல் வாங்குவதற்கும் பெரும்பாலான மாடல்களில் விலை வேறுபாடு இல்லை, சில மாடல்களில் சாதாரண வெள்ளையே விலை குறைவு. 2022இல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் பதிவானது நம் தமிழ்நாட்டில்தான், 64,105 விபத்துகள். நாடு முழுவதிலும் மாலை ஆறு முதல் இரவு ஒன்பது மணி வரையிலான நேரத்தில்தான் விபத்துகள் மிகுதி என்று மத்திய அரசின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லிவருகின்றன. பணம் எதுவும் கூடுதலாகக் கேட்காத ஒரு பாதுகாப்பை அந்த நேரத்துக்காக எடுத்துக்கொள்வதில் எந்த நட்டமும் இல்லை. வெள்ளையும் மஞ்சளும் என் முதல் தேர்வு, வெளிர் நிறங்கள் எல்லாம் அதற்கு அடுத்து. அடர் சாம்பலுக்கு, நிறுத்தியிருக்கும்போது நான்கரை தந்தவன், சாலையில் ஐந்துக்கு ஒன்றரைதான் தருகிறேன். வெள்ளைக்கு, பனிக்காக அரையைக் கழித்து, நான்கு.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கடைக்குப் போகிறவர்கள் பகல் பதினொரு மணிக்குப் போக வேண்டாம். உள்ளே எரியும் விளக்குகளில் எல்லா நிறமும் பளபளக்கும். மாலை ஆறு மணி வாக்கில் போய், பிடித்த இரண்டு நிறங்களில் இரண்டு கார்களை விளக்குப் போடாமல் வெளியே சாலை ஓரம் நிறுத்தச் சொல்லுங்கள். இருநூறு அடி நடந்துபோய்த் திரும்பி நின்று, எதிர்ப்பக்கத்துக்கு வண்டியில் கடக்கப் போகிறவர் பார்ப்பது போல ஒரு நொடி மட்டும் பாருங்கள்.